பீரோவில் கிடந்த கடன்

நாக்பூரில் இருபது வருடமாக வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியைக்கு 2024இல் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது. காரணம் 590 ரூபாய். பீரோவில் சும்மா கிடந்த கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் 500, வரி 90. பில் பழைய முகவரிக்குப் போயிருந்தது. அபராதமும் வட்டியும் சேர்ந்து பாக்கி ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது.

வசூல் ஏஜெண்ட் போனில் சலுகை சொன்னார்: "பாதி கட்டுங்க மேடம், முடிச்சுடலாம்." மளிகைக் கடையில்கூடக் கடன் சொல்லாதவருக்கு அவமானம். உடனே கட்டிவிடத் தோன்றியது. சக ஆசிரியர் ஒருவர் தடுத்தார். பாதி கட்டினால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்த வங்கியும் யோசிக்கும். முழுதும் கட்டினால்தான் 'குளோஸ்டு'.

வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை வாங்கிப் பார்த்தார். ஏஜெண்டிடம் கொடுக்காமல் வங்கியிலேயே முழுப் பணத்தையும் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்கினார். அறிக்கை மாறவில்லை. எழுத்தில் புகார் செய்தார். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்காவது வாரம் பதிவு திருந்தியது.

அதற்குள் அவர் பார்த்துவைத்த வீடு கைமாறிவிட்டது. சான்றிதழ் இப்போது ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கிறது. கிரெடிட் கார்டு இல்லை. கணக்கை மூடிவிட்டு, அதை நான்காக வெட்டிப்போட்டுவிட்டார்.