மூச்சால் எய்யும் அம்பு



அம்பு என்றதும் நமக்கு இராமபிரானும் அர்ச்சுனனும்தான் நினைவுக்கு வருவார்கள். தோட்டத்துத் திருவிழாவில் மூங்கில் வில்லும் ஈர்க்குச்சி அம்பும் பிடித்து வேஷம் கட்டி நின்ற பிள்ளைகளையும் நினைத்துக்கொள்வோம். ஆனால் வில்லும் இல்லாமல், நாணும் இல்லாமல், வெறும் மூச்சுக் காற்றால் அம்பு எய்கிறவர்கள் நம் கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அந்தக் குழலையும் அம்பையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வழி சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரலுக்கு வந்து, கோம்பாக் போகும் எல்.ஆர்.டி. இரயிலில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து வாடகைக் கார் பிடித்தால், பெந்தோங் போகும் பழைய சாலை ஆற்றோரமாக வளைந்து வளைந்து மேலே ஏறும். நகரத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் ஓராங் அஸ்லி அருங்காட்சியகம் இருக்கிறது. 1987-ல் தொடங்கப்பட்டது. புறப்படும் முன் அன்றைக்குத் திறந்திருக்குமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் சோற்றுப் பொட்டலமும் இருக்கட்டும்.

காட்டோரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்கள் இந்த மக்களை அறிவார்கள். பெத்தாயும் பிரம்பும் சுமந்து வந்து, உப்புக்கும் புகையிலைக்கும் மாற்றிக்கொண்டு போனவர்கள். 'சக்காய்' என்று அன்று கூசாமல் சொன்னோம். அது அடிமை என்ற பொருளில் பிறர் அவர்கள்மீது ஒட்டிய இழிசொல். 'கூலி' என்று நம்மை அழைத்தபோது நமக்கு எப்படி இருந்ததோ, அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஓராங் அஸ்லி, அதாவது மண்ணின் ஆதிமக்கள் என்று சொல்லிப் பழகுவோம். தீபகற்பத்தில் இவர்கள் 18 பிரிவினர். சிலாங்கூரில் தெமுவான் மக்களும், கடலோரத்தில் மா மெரி மக்களும் வாழ்கிறார்கள்.

முதலில் குழலைப் பாருங்கள். மலாயில் சும்பித்தான் என்பார்கள். ஆறடிக்கும் மேல் நீளம். நம் வீட்டுக் கொல்லை மூங்கிலில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே ஒன்றரை அடி இருந்தால் அதிகம். மலைத்தொடரின் உயரத்தில் வளரும் ஒருவகை மெல்லிய மூங்கிலிலோ, கணுவே இல்லாமல் இரண்டு மீட்டருக்கு மேல் ஒரே துண்டாக நீளும். அது எல்லா மலையிலும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் மற்றக் கூட்டத்தாரிடம் பண்டமாற்றாக வாங்குவார்கள். இல்லாவிட்டால் இரண்டு துண்டுகளை ஒன்றாகக் கூட்டிக்கொள்வார்கள். அந்த மூங்கிலை நெருப்பில் வாட்டி வளைவை எடுத்து, உள்ளே பிரம்பை விட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். இது உட்குழல். இதற்குக் காவலாக மேலே இன்னொரு மூங்கில் உறை. கண்ணைக் கவரும் செதுக்கு வேலையெல்லாம் இந்த உறையில்தான். ஆனால் வேட்டைக்காரனுக்குச் சோறு போடுவது உள்ளே மறைந்திருக்கும் அந்த நேர்மைதான். குழலைக் கண்ணருகே பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால், அது எவ்வளவு நேராக இருக்கிறது என்று தெரியும்.

அம்பு செய்வது இன்னும் நுட்பமான வேலை. பெர்த்தாம் என்ற காட்டுப் பனையின் மட்டையைப் பிளந்து, கத்தியால் சீவிச் சீவி ஈர்க்குச்சிப் பருமனுக்குக் கொண்டுவருவார்கள். நீளம் ஒரு சாண் அளவு. வால் பக்கத்தில் நெட்டி போன்ற மெத்தென்ற தக்கையில் ஒரு சிறு கூம்பு. அம்பின் உயிரே இந்தக் கூம்பில்தான் இருக்கிறது. குழலின் துவாரத்துக்கு அது கச்சிதமாக அமைய வேண்டும். கொஞ்சம் பெருத்தால் அம்பு நடுவழியில் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் சிறுத்தால் மூச்சு அதைச் சுற்றி ஓடிவிடும். அம்பு குழலைவிட்டு வந்து காலடியில் விழும். ஆகவே சீவுவதும், குழலில் நுழைத்துப் பார்ப்பதும், மறுபடி சீவுவதுமாகவே வேலை நடக்கும். கூம்புக்குப் பின்னால் பனையிலிருந்து எடுத்த பஞ்சைக் கொஞ்சம் அடைத்தால், கசியும் காற்றும் நின்றுவிடும்.

வில்லாளிக்கும் இதே பொருத்தப் பிரச்சினைதான். மர அம்பு வில்லைவிட்டுப் புறப்படும்போது பாம்பைப்போல் நெளிந்து, பிறகுதான் நிமிர்கிறது. வில்லின் பலத்துக்கு மீறித் தண்டு விறைப்பாக இருந்தால் ஒரு பக்கம் விலகும். துவண்டுபோனால் மறுபக்கம் விலகும். அதனால்தான் தண்டைச் சீவியும் முனையின் எடையை மாற்றியும் சரிபார்க்கிறார்கள். வில் அம்பின் வாலில் இறகு கட்டுவது, அது நேராகப் பறப்பதற்காக. ஊதுகுழல் அம்புக்கு இறகே கிடையாது. காற்றை வாங்கித் தள்ளிய அதே கூம்பு, பறக்கும்போது வாலைப் பின்னே இழுத்து நிறுத்துகிறது. ஒரே தக்கைக்கு இரண்டு வேலை!

இனி நஞ்சு. இங்கேதான் பால் வெட்டும் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரத்தின் பால்தான் இந்த நஞ்சு. பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மரம் அது. பட்டையில் சாய்கோடுகளாகக் கீறி, வழியும் பாலை அடியில் மூங்கிலில் ஏந்துகிறார்கள். கோடு சாய்வாக இருக்க வேண்டும், பால் ஒரே இடத்துக்கு வடிய வேண்டும் என்றெல்லாம் நமக்குச் சொல்லித்தர எந்தத் தண்டலும் வேண்டாம். இரப்பர் மரம் 1877-ல்தான் விதைக்கன்றாக இந்த நாட்டுப் பக்கம் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் காட்டில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள் இருந்தார்கள்.

அந்தப் பாலைத் தட்டையான மரக்கரண்டியில் தடவி, நெருப்பில் காட்டிக் கறுப்புப் பசையாக இறுக்குவார்கள். சில கூட்டத்தார் நம் எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் சாற்றையும் சேர்ப்பார்கள். அம்பு முனையை அதில் புரட்டி உலர்த்தினால் வேலை முடிந்தது. முனைக்குக் கீழே சுற்றிலும் மெல்லிய வெட்டு ஒன்று போடுவதும் உண்டு. குரங்கு அம்பைப் பிடுங்கி எறிந்தாலும், வெட்டிய இடத்தில் ஒடிந்து முனை மட்டும் உடம்பிலேயே தங்கிவிடும். நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தும். அப்படியானால் அந்தக் கறியை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று என்னைப்போல் நீங்களும் கேட்பீர்கள். குடலின் வழியாக அது அவ்வளவாக உடம்பில் ஏறாது. அம்பு பட்ட இடத்துச் சதையையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் சமைக்கிறார்கள்.

நெடுமூங்கில், பெர்த்தாம், ஈப்போ மரம் மூன்றும் காட்டுச் சரக்கு. காடு போனால் கையிலுள்ள வித்தைக்கு வேலை இல்லை. 1995-ல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் தெமுவான் குடும்பங்களின் நிலம் எடுக்கப்பட்டது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். அது அவர்களுடைய பாரம்பரிய நிலம் என்று 2002-ல் உயர் நீதிமன்றமும், 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டன. 2010-ல் 65 இலட்சம் ரிங்கிட்டுக்கு உடன்பாடு ஆயிற்று. அதே டெங்கிலுக்குத்தான், புத்ராஜெயாவுக்காகப் பிராங் புசார் தோட்டம் போனபோது நம் மக்களும் மூட்டை கட்டி வந்தார்கள். இரு தரப்பாரும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் ஆனோம். ஆனாலும் ஒருவர் வீட்டுக் காப்பியை மற்றவர் குடித்ததாக அதிகம் கேள்விப்படவில்லை.

கிள்ளான் பக்கத்து வாசகர்கள் கோம்பாக் வரை போக வேண்டியதில்லை. தெலுக் பங்லிமா காராங் தாண்டிப் பாலம் ஏறினால் கேரித்தீவு. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி மக்கள் இருக்கிறார்கள். மரமுகமூடிகளுக்குப் பெயர்போன கைகள் அவை. முன்னதாகச் சொல்லிவைத்துப் போனால், நஞ்சில்லாத அம்பைக் குழலில் இட்டு ஊதிப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும்.

துப்பாக்கியைப்போல் ஒரு கையை முன்னால் நீட்டிப் பிடிக்காதீர்கள். இரண்டு கையும் வாயருகே இருக்கட்டும். கன்னத்தை உப்பவைத்து நீளமாக ஊதிப் பயனில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரே வெட்டாக, இருமுவதுபோல் ஊத வேண்டும். பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிடுங்கள்: குழலில் வாய் வைக்கும் முன்பே மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும், வாய் வைத்த பிறகு உள்ளே இழுக்கவே கூடாது.