நம்பர் காட்டாத அழைப்பு

இங்கிலாந்தில் டொக்டர்மார் ஸ்ட்ரைக் என்று செய்தி வந்ததும் எங்கள் ஆட்கள் இரண்டு விதமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பகுதியினர் ஆஸ்பத்திரியே பூட்டியாயிற்று என்று நினைத்து நெஞ்சு நோவோடு கட்டிலில் கிடக்கிறார்கள். மற்றவர்கள், எதற்கும் போய் நின்றால் ஆராவது பார்ப்பார்கள் என்று தடிமன் காய்ச்சலோடு அவசரப் பிரிவில் போய்க் குந்துகிறார்கள். இரண்டுமே ஊரிலிருந்து வந்த பழக்கம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் கொப்பியோடு விடியவே போய் வரிசையில் இருந்தால் மத்தியானத்துக்குள் ஒரு டொக்டர் முகத்தைப் பார்க்கலாம். பணிப்புறக்கணிப்பு என்றால் அதுவும் வாசலிலேயே தெரிந்துவிடும்.

இங்கே வாசலில் ஒன்றும் தெரியாது. இந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒரு நோயாளிக்குக் கடிதமாகவும் குறுஞ்செய்தியாகவும் ரெலிபோன் அழைப்பாகவும்தான் முதலில் வந்து சேருகிறது. ஸ்ட்ரைக் வரும்போது குழம்புவதும் இந்தத் தொடர்புதான்.

2022 டிசம்பரில் தாதியர் இறங்கினார்கள். 1916இல் தொடங்கிய தாதியர் சங்கம் இங்கிலாந்தில் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தது அதுவே முதற்தடவை. 2023 மார்ச்சில் ஜூனியர் டொக்டர்மார். பதினைந்து வருஷமாகத் தேய்ந்த சம்பளத்தைப் பழைய பெறுமதிக்குக் கொண்டுவர 35 வீதம் வேண்டும் என்றார்கள். 2024 ஜனவரியில் ஆறு நாள் தொடர்ந்து வெளியே நின்றார்கள். தேசிய சுகாதார சேவையின் வரலாற்றில் அவ்வளவு நீண்ட வேலைநிறுத்தம் அதற்குமுன் நடந்ததில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் இரண்டு வருடத்துக்கு 22.3 வீத உயர்வை ஏற்று உள்ளே போனவர்கள், 2025 ஜூலையில் மறுபடி வெளியே வந்தார்கள். இதற்கிடையில் தள்ளிப்போன சந்திப்புகளும் சத்திரசிகிச்சைகளும் பத்து இலட்சத்தைத் தாண்டின. 2023 இலையுதிர்காலத்தில் காத்திருப்போர் பட்டியல் 77 இலட்சத்தைத் தொட்டது.

என் அக்காவின் மகள் அப்போது ஜூனியர் டொக்டர். "மாமா, ஸ்ட்ரைக் நாளிலை அவசரப் பிரிவுக்குப் போகப் பயப்பிடத் தேவையில்லை. அண்டைக்குக் கொன்சல்டன்ற்மார்தான் கீழை இறங்கி நிப்பினம்" என்றாள். அது உண்மைதான். உயிருக்கு ஆபத்தானதைக் காப்பாற்றுவதற்காக மற்றதை எல்லாம் நிறுத்துகிறார்கள். நெஞ்சு நோவு, முகம் ஒரு பக்கம் இழுப்பது, மூச்சு எடுக்க முடியாமை: இவற்றுக்கு ஸ்ட்ரைக் நாளிலும் 999தான். எங்கே போவதென்று தெரியாத மற்ற வருத்தங்களுக்கு 111. ஜீ.பி. வழமைபோலத் திறந்திருக்கும். 2024 ஜனவரி கடைசியிலிருந்து தொண்டை நோ, பூச்சிக்கடி, அக்கி போன்ற ஏழு வருத்தங்களுக்கு இங்கிலாந்தில் மருந்துக்கடைக்காரரே பார்த்து, தேவையென்றால் குளிசையும் தரலாம். டொக்டர் இல்லாதவன் தரும் மருந்து மருந்தா என்று கேட்கும் எங்கள் பெரிசுகளுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் பாடு.

அடிபடுவது நாள் குறித்து வைத்திருந்தவர்கள். தெரிந்த அன்ரி ஒருவருக்கு முழங்கால் கிளினிக். ஸ்ட்ரைக்கைப் பற்றி ஒன்றும் வராததால் இரண்டு பஸ் மாறிப் போனார். நேற்றே உங்களுக்கு இரண்டு தரம் அடித்தோமே என்றார்கள் அங்கே. ஆஸ்பத்திரி அழைப்புகள் பலவேளை நம்பர் காட்டாமல்தான் வரும். "நம்பர் இல்லாத போனை எடுக்காதேங்கோ, கள்ளர் எண்டு மகன்தான் சொன்னவன்" என்றார் அன்ரி. மகன் சொன்னதிலும் பிழையில்லை. வங்கி என்று சொல்லி முதியவர்களை ஏய்ப்பவர்கள் இங்கே மலிந்து கிடக்கிறார்கள். ஆனாலும் கிளினிக் நாள் கிட்டும்போது அந்த அழைப்பை எடுக்கத்தான் வேண்டும். எடுத்துவிட்டு வங்கி விபரம் எதுவும் சொல்லாமல் இருந்தால் சரி. அன்ரி போனது பிழையல்ல என்பதையும் சொல்லவேண்டும். வரவேண்டாம் என்று அறிவிக்காதவரை போவதுதான் முறை. ஸ்ட்ரைக்தானே என்று தாமாகவே வீட்டில் நின்றவர்கள், வராதவர் கணக்கில் சேர்ந்து மறுபடி ஜீ.பி.யிடம் போகவேண்டி வரலாம்.

ஸ்ட்ரைக்குக்காவது முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்கிறார்கள். 2024 ஜூன் 3ஆம் திகதி தென்கிழக்கு லண்டனில் இரத்தப் பரிசோதனை செய்யும் சினோவிஸ் நிறுவனத்தின் கணினிகளை இணையக் கொள்ளையர் முடக்கியபோது ஒரு மணித்தியால அவகாசம்கூட இருக்கவில்லை. கிங்ஸ் கொலிஜ், கைஸ், சென்ற் தோமஸ் என்று பெரிய ஆஸ்பத்திரிகள் தடுமாறின. நோயாளியின் இரத்த வகையை வேகமாகப் பொருத்திப் பார்க்க முடியாததால், பெரும்பாலானோருக்கு ஏற்றக்கூடிய ஓ வகை இரத்தத்தை அதிகம் செலவழிக்க வேண்டி வந்தது. அந்த வகையினர் வந்து இரத்தம் தரும்படி நாடு முழுவதும் கேட்டார்கள். பின்போடப்பட்ட வெளிநோயாளர் சந்திப்புகள் மட்டும் 10,000க்கு மேல். லூவிஷம் பக்கத்துத் தமிழர்களுக்குச் சீனி, கொலஸ்ட்ரோல் பார்க்கும் வழமையான இரத்தப் பரிசோதனையும் தள்ளிப்போனது. இப்படியான நேரத்தில் கையில் உதவுவது பழைய கடதாசிகள்தான்: என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக வந்த சோதனை முடிவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய ஒரு தாள்.

டொக்டர்மார் கேட்டது நியாயமா என்ற வாக்குவாதம் எங்கள் வீடுகளில் முடியாது. மகள் பதாகையோடு வாசலில் நிற்க, தாய் சத்திரசிகிச்சைக்கு நாள் பார்த்திருக்கும் குடும்பங்கள் உண்டு. நான் மருமகள் பக்கம். ஆனால் பின்போட்ட நாளின் சுமை எல்லோர் தலையிலும் ஒரேயளவில் விழுவதில்லை என்பதை அவளும் ஒத்துக்கொள்கிறாள். ஆங்கிலம் சரளமாக வருகிறவர் கொன்சல்டன்றின் செயலாளரைக் கூப்பிட்டு, ஆராவது வராமல் விட்டால் அந்த இடத்தைத் தாருங்கள் என்று கேட்டு வைக்கிறார். நோ கூடிவிட்டது என்று ஜீ.பி.யிடம் சொல்லி, நாளை முன்னுக்குக் கொண்டுவரும்படி ஒரு கடிதமும் எழுதுவிக்கிறார். எங்கள் அன்ரிமார் புதுக் கடிதம் வரும்வரை நோவைப் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள், கரைச்சல் குடுக்கக் கூடாதாம்.

அந்தக் கரைச்சலைத் தமிழிலேயே குடுக்கலாம். ஆஸ்பத்திரியிலும் ஜீ.பி.யிடமும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், காசில்லை. 111க்கு அடித்தாலும் 'தமிழ்' என்று சொல்லிவிட்டு லைனில் நின்றால் ஒருவரைச் சேர்த்துவிடுவார்கள். பாட்டியின் மலச்சிக்கலைப் பத்து வயதுப் பேரன் இங்கிலிஷில் சொல்லவேண்டிய அவசியமில்லை.