வே ஆற்றில் உம்மாவுடன் ஒரு பகல்

இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் வே என்றொரு சிற்றாறு இருக்கிறது. தேம்ஸ் நதியின் புகழ் அதற்கு இல்லை. புல்வெளிகளுக்கூடாக, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி போய், வேபிரிட்ஜ் என்ற ஊரில் தேம்ஸுடன் கலக்கிறது. 2024 ஆகஸ்டில் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவளும் மச்சானும் ஒரு நாள் படகு வாடகைக்கு எடுத்து எங்கள் எல்லோரையும் அந்த ஆற்றுக்கு அழைத்துப் போனார்கள்.

எல்லோரும் என்பதில் உம்மாவும் அடக்கம். அதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டபோது, நாங்கள் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. இந்தத் தங்கை உம்மாவின் மடியில் ஆறு மாதக் குழந்தை. அன்று கரையிறங்கிய உம்மா அதன் பிறகு 34 வருடங்களாக எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. கற்பிட்டியிலிருந்து புத்தளம் போவதென்றாலும் களப்பைச் சுற்றி பஸ்ஸில்தான் போவார்.

கொடல்மிங் அருகே படகுத்துறையில் நின்றுகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க மகன். நான் இந்த வாங்குல இருக்கிறன்" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. தங்கையின் மூத்த மகள் மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உம்மம்மா, இந்தப் போட்ட விட வாத்து வேகமாப் போகும்" என்றாள். உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

பேத்தி சொன்னது பொய்யல்ல. அது ஏழடி அகலத்தில் நீண்டு ஒடுங்கிய படகு. மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது. அலை எழும்பினால் கரை அரித்துவிடும். கரையோரப் பாதையில் நாயுடன் நடப்பவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஒரு காலத்தில் குதிரைகள் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற பாதை அது.

ஆறு பள்ளத்தில் இறங்கும் இடங்களில், இரு முனையிலும் மரக்கதவுகள் போட்ட பெரிய தொட்டியொன்றைக் கட்டியிருக்கிறார்கள். அதை 'லொக்' என்கிறார்கள். அன்ஸ்டெட் என்ற இடத்து லொக்கில் படகு நுழைந்ததும் மேற்கதவை அடைத்தோம். மச்சான் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றிக் கீழ்க்கதவிலுள்ள சிறு மதகுகளைத் திறந்தார். தண்ணீர் மெல்ல வடிய, படகும் அதனுடன் இறங்கியது. ஈரச் சுவர்கள் இருபுறமும் உயர்ந்தன. உம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். உதடுகளில் ஸலவாத்.

இரு பக்கத்திலும் நீர்மட்டம் சமமாகும் வரை, எத்தனை பேர் தள்ளினாலும் அந்தக் கதவு அசையாது. சமமானதும், தங்கையின் இளைய மகன் கூட நீண்ட மரத்தில் முதுகை வைத்துத் தள்ளித் திறந்துவிட்டான். வெளியே வெயிலும், மேயும் மாடுகளும், நீரைத் தொட்டுக் கிடக்கும் மரக்கிளைகளும். உம்மாவின் பிடி தளர்ந்தது.

சாப்பாட்டுப் பொதிகளைப் பிரித்தபோது மச்சான் ஆற்றின் கதையைச் சொன்னார். இதில் படகோட வழி அமைத்தவர் சேர் ரிச்சர்ட் வெஸ்டன் என்ற நிலக்கிழார். 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரின்போது நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர். பிளாண்டர்ஸ் பகுதியில் தங்கியிருந்தபோது அங்கே கண்ட கால்வாய்களையும் லொக்குகளையும் மனதில் வைத்துக்கொண்டு, கில்ட்ஃபோர்ட் நகரிலிருந்து தேம்ஸ் வரையான வேலையைத் தொடங்கினார். 1652இல் மௌத்தாகிப் போனார். மறு வருடம் வழி திறக்கப்பட்டது. 1764இல் அது கொடல்மிங் வரை நீண்டது. இப்போது நெஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது.

"அவரும் ஊரை விட்டுப் போனவரா?" என்று கேட்டார் உம்மா. "திரும்பி வந்தாரா?"

"வந்தார் மாமி" என்றார் மச்சான்.

உம்மா தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். பின்னர், யாரும் கேட்காமலே சொன்னார்: "அண்டைக்குக் கடல் கொந்தளிச்சது மகன். நான் கரையத் திரும்பிப் பாக்கவே இல்ல. இவட முகத்தத்தான் பாத்துக்கொண்டு வந்தன். மூச்சு வருதா, வருதா என்று."

தங்கை சோற்றுக் கையுடன் அப்படியே இருந்துவிட்டாள். அந்தப் பயணத்தில் தானும் இருந்தவள் என்பது அவளுக்குத் தெரியும். உம்மாவின் வாயால் அதைக் கேட்டது அன்றுதான். அடுத்த லொக்கில் படகைப் பிடித்து வைக்கும் கயிறுகளில் ஒன்றைத் தங்கை வாங்கிக்கொள்ள, அதன் நுனியை உம்மாவும் சேர்த்துப் பிடித்திருந்தார்.

வாசக சகோதர சகோதரிகளே! நம் வீடுகளில் மூத்தவர்கள் சிலவற்றை வாய்திறக்காமலே சுமந்துகொண்டிருக்கிறார்கள். துருவித் துருவிக் கேட்டால் அவை வெளிவருவதில்லை. அவசரமில்லாத ஒரு பகலை அவர்களுக்குக் கொடுத்து, பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி வையுங்கள். அதற்கு இங்கிலாந்து ஆறு தேவையில்லை. ஊர்க் குளக்கட்டும் ஒரு பொதி சோறும் போதும்.