ஆடிக் காற்றில் எண்ணூர்

நான் கடலூர்க்காரன். நாற்றத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற மிதப்பில்தான் எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கினேன். எங்கள் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்தார் 2004இலேயே வாளியில் காற்றைப் பிடித்தவர்கள். மூடிய வாளிக்குள் ஒரு பை. வாளியின் காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று தானாகப் பைக்குள் ஏறிவிடும். அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 1995இல் கலிபோர்னியாவில், எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்காகப் பிறந்த உத்தி.

வடசென்னையின் ஆலைகளை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டும் இளைஞர் குழுக்கள் இருக்கின்றன. சென்னை கிளைமேட் ஆக்‌ஷன் குரூப் அப்படி ஒன்று. எனக்கு வழிகாட்டியது குப்பத்துப் பெண் ஒருத்தி, கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவளுடைய பெரியப்பாவின் படகில் கொசஸ்தலை ஆற்றில் இறங்கினோம். வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், அதற்கப்பால் காமராசர் துறைமுகத்து கிரேன்கள். இவ்வளவு இரும்புக்கு நடுவே இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் ஊர்ந்து, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கவ்வியபடி! வாயைத் திறந்தால் அன்றைய கூலி ஆற்றோடு போய்விடும். இப்போது சேற்றில் காக்கா ஆழி என்ற வெளிநாட்டுச் சிப்பி அடைபோல் படிந்து அவர்கள் விரல்களைக் கிழிக்கிறது.

பெரியப்பா கழியை ஊன்றினார். தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேல்தான்.

"இங்க ஆள் மூழ்கும் தம்பி, முன்னெல்லாம்."

கழி நுனியில் சிமெண்ட் குழைத்தாற்போல் சாம்பல். எரித்த நிலக்கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். ஓட்டைக் குழாய் வழியே அது ஆற்றில் இறங்கியது. மின்வாரியம்தான் பொறுப்பு என்று பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் தீர்ப்பளித்தது. அந்தப் பெண் கழியைப் படமெடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டாள்.

கரையேறியதும் அவள் பேச்சு 2023 டிசம்பருக்குப் போனது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்கு எண்ணெய் வந்தது. 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் வரை பரவியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள்.

"மறுநாள் எல்லாரும் நாத்தம், நாத்தம்னு சொன்னோம்ணா. எத்தனை மணிக்கு, காத்து எந்தப் பக்கம்னு கேட்டாங்க. ஆளுக்கு ஒரு நேரம் சொன்னோம்."

அதற்குப் பிறகுதான் நோட்டு. நாலு தெருவில் நாலு பேர். வாடை அடித்தால் நேரம், காற்றின் திசை, எதைப்போன்ற வாடை. நாலு நோட்டையும் வரைபடத்தில் வைத்துக் காற்றுக்கு எதிராகக் கோடிழுத்தால், கோடுகள் ஏதோ ஒரு மதிலருகே கூடுகின்றனவாம். எனக்குத் தெரிந்த வாளியைவிட இது மலிவு. ஆனால் தினமும் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம்.

திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தாள். ஆடிக் காற்று மணலிப் பக்கமிருந்து வீசியது. குப்பென்று வந்தது. நோட்டை என்னிடம் நீட்டினாள். கடலூர்க்காரன் அல்லவா, உற்சாகமாக எழுதினேன்: "தாங்க முடியாத துர்நாற்றம்."

அவள் "தாங்க முடியாத" என்பதை அடித்தாள். "துர்" என்பதையும் அடித்தாள். கைக்குட்டையை உயர்த்திப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: காலை 11.20. மேற்கு. அழுகிய முட்டை.