அடிப்பக்கத்து எழுத்து

பழைய சவர ரேஸர்களைச் சேகரிப்பதும் ஒருவகை விமர்சனம்தான். ஓசூர்ப் பழைய இரும்புக் கடைகளுக்கு பெங்களூர் வீட்டுக் கழிசல்கள் வருகின்றன. எதை எடுத்தாலும் கடைக்காரர், "மிலிட்டரி சாமான் சார்" என்பார். பொருள் வேறு சொல்லும். அமெரிக்க ஜில்லெட்டின் தலைக்கடியில் 'ஈ 3' என்றிருந்தால் 1959, மூன்றாம் காலாண்டு. ஸோலிங்கன் என்றிருந்தால் ஜெர்மனி. குறியே இல்லாதவற்றை மரை, கைப்பிடி வரிகள், தகட்டின் துளைகள் கொண்டு தெரிந்தவற்றோடு ஒப்பிட வேண்டும். பளபளப்பை வைத்து மதிப்பிடுகிறவர்கள் நம் இலக்கியத்திலும் உண்டு.

ஒன்றில் நிக்கல் முலாம் தேய்ந்து, கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் பித்தளை தெரிகிறது. நெடுங்காலம் ஒருவர் தினமும் பிடித்தது. அவர் இறந்தபின் மகன் எடைக்குப் போட்டிருக்கலாம். அப்படி எழுதத்தான் கை பரபரக்கிறது. ஆனால் தேய்மானம் வரைதான் சாட்சியம். அதற்குமேல் கதை, விமர்சனம் அல்ல.