பாடு

பாலாவிச் சந்தியில் பிரிந்து கற்பிட்டிக்குப் போகும் வீதி ஏறக்குறைய 40 கிலோமீற்றர். மேடு பள்ளம் இல்லாத மணல் நிலம்; ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். சைக்கிளில் கூட்டமாகப் போகிறவர்களுக்கு இவ்வளவு இணக்கமான வீதி இலங்கையில் குறைவு. மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேல் காற்று வடக்கே போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் நின்று மறிக்கும். நுரைச்சோலையின் வெங்காயப் பாத்திகளையும் மிளகாய்த் தோட்டங்களையும் தாண்டி, புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கும் தலவிலக் கரைக்கு வந்து, சோறும் மீன்கறியும் கருவாட்டுப் பொரியலும் சாப்பிட்டுத் திரும்புவதை உணவுப் பயணம் என்கிறார்கள். அந்தப் பெயர் அதற்கு இன்னும் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். தட்டில் இருக்கும் கருவாடு யார் கையால், எத்தனை நாளில், எவ்வளவு நிலத்தில் ஆனது என்று பாராமல் திரும்பினால் பாதி உணவைத்தான் அறிந்திருக்கிறோம். தலவிலக் கரை ஒரு வேலைத்தளம். வலையையும் கத்தியையும் போல அந்த மணலும் தொழிலின் கருவி. கிராமங்களுக்குள் வரும் பயணிகள் இதை ஏற்றுக்கொண்டு வந்தால் அவர்களால் நன்மை உண்டு. ஏற்காமல் வந்தால், எத்தனை நல்ல மனத்தோடு வந்தாலும், அந்தக் கருவியைத் தேய்த்துவிட்டே போவார்கள்.

மீனவர் பருவத்துக்குத் தங்கிக் கருவாடு போடும் கரைக் குடிசையான வாடியில் நடப்பதை முதலில் சொல்ல வேண்டும். நெத்திலி, சூடை போன்ற பொடிமீனுக்குப் பெரிய பக்குவம் வேண்டியதில்லை. அலசி, பாயிலோ வலைத்துண்டிலோ பரவி, நல்ல வெயிலானால் ஓரிரு நாளில் அள்ளிவிடலாம். சீலா, கட்டா, பாரை போன்ற பெரிய மீன்தான் கைத்திறமையைக் கேட்கும். முதுகுப்பக்கம் கீறி, புத்தகம் போல விரித்து, குடல் செவுள் நீக்கி, இரத்தம் போகக் கழுவ வேண்டும். தடித்த சதையில் கத்தியால் வரிவரியாகக் கீறி உப்பு ஏற்றுவார்கள். மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுக்கணக்கு. ஆனால் மீனின் கொழுப்பையும் அன்றைய ஈரக்காற்றையும் பார்த்து அதைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தக் கைக்குத்தான் தெரியும். உப்பு குறைந்தால் புழு. கூடினால் சதை கட்டையாகி விலை இறங்கும். தொட்டியில் ஓர் இரவாவது ஊறிய பிறகு கழுவி வெயிலில் போட்டு, பகலெல்லாம் புரட்டி, பனி இறங்குமுன் அள்ளி மூடி, மறுநாள் மறுபடியும் விரிக்க வேண்டும். மூன்று நான்கு நாள் இப்படி. சுமார் மூன்று கிலோ மீன் ஒரு கிலோ கருவாடாகச் சுருங்கும். கடலுக்குப் போவது ஆண்கள். கீறுவதும் உப்பிடுவதும் புரட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். கடலோடியின் துணிவைப் பற்றிப் பாட்டும் கதையும் நிறைய உண்டு. உப்பு நீரில் விரலிடுக்கு வெடித்துப்போன இந்தப் பெண்களின் அறிவுக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை, கூலியிலும் அப்படியே.

இந்த வேலை முழுவதும் இடத்தைக் கேட்கிறது. கரைவலை வளைத்து இழுக்கத் தடையற்ற நீண்ட கரை வேண்டும். ஒரு வலைக்கு உரிய கரைத்துண்டைப் பாடு என்பார்கள். அனுமதியோடு, முறை வைத்து, தலைமுறையாகப் பேணப்படுவது. உழைப்புக்கும் துன்பத்துக்கும் தமிழில் அதே சொல்தான். படகை ஏற்றி வைக்க இடம், வலையை உலர்த்தி முடிய இடம், கருவாட்டுப் பாய்களுக்கு இடம், பருவத்துக்கு வந்து தங்குவோரின் வாடிக்கு இடம். வாடி என்ற சொல் சிங்களத்திலும் வாடிய என்றே வழங்குகிறது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் கடல் அமைதியான மாதங்களில் கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் பத்தலங்குண்டு போன்ற தீவுகளுக்கும் வந்து வாடியடித்துத் தங்குவது நெடுங்கால வழக்கம். இவர்களுக்குச் சொந்தக் காணிப் பத்திரத்தை விட, திறந்து கிடக்கும் கரையே பெரிய சொத்து. வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு அது வெறும் மணலாகத் தெரிவதுதான் ஆபத்தின் தொடக்கம்.

தலவில பயணிகளுக்குப் புதிய ஊரும் அல்ல. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் இரண்டு திருவிழா. தமிழரும் சிங்களவரும் லட்சக்கணக்கில் வந்து, மரநிழலில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, திரும்பும்போது கருவாட்டுப் பொட்டலத்தோடு போகிறார்கள். இந்த இரண்டு மாதங்களையும் கடலோடு வைத்துப் பார்க்க வேண்டும். மேற்குக் கடலின் பெரும் மீன்பிடிப் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை; மார்ச் விழா அதன் முடிவை ஒட்டி வருகிறது. ஆகஸ்ட் விழா வரும்போது தென்மேல் காற்றில் கடல் கொந்தளித்துக் கிடக்கும், வரத்துக் குறைந்திருக்கும். அமைதிக் காலத்து மீனைக் கொந்தளிப்புக் காலத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது உப்பும் வெயிலும்தான். வருகிறவர் வயிற்றையும் கரையில் இருக்கிறவர் வயிற்றையும் ஒரே சரக்கு நிரப்பும் ஏற்பாடு இங்கே ஏற்கெனவே உண்டு. சைக்கிள் குழுக்கள் அதிலிருந்து கற்கலாம். சைக்கிளும் இந்த ஊருக்குப் புதிதல்ல. பின்னால் பெட்டி கட்டி, ஊருக்குள் மீன் கொண்டுபோன வியாபாரியின் வண்டி அது.

ஒரு கரை கைமாறுவதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் இன்று 900 மெகாவாட் திறன் கொண்டது. திருத்தலத்துக்கு அருகே அது வருவதைக் கத்தோலிக்கத் திருச்சபையும் ஊர்மக்களும் எதிர்த்தும் வந்துவிட்டது. நிலக்கரித் தூசியும் சாம்பலும் பற்றி அயலிலுள்ள விவசாயிகளும் மீனவரும் முறையிட்டுவருகிறார்கள். போர் முடிந்த கையோடு, கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய பெரும் சுற்றுலாத் திட்டம் பேசப்பட்டபோது, நிலமும் கரையும் பறிபோகும் என்று மீனவ அமைப்புகள் குரல் எழுப்பின. மின்சாரமும் சுற்றுலாவும் நாட்டுக்குத் தேவையானவை என்பதை நான் மறுக்கவில்லை. இரண்டுக்கும் இடம் தேடியவர்கள் கருவாட்டுப் பாய் விரித்த இடத்தை வெற்றிடமாகக் கணக்கிட்டார்கள் என்பதே என் குறை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலேற்ற எல்லையிலிருந்து 300 மீற்றர் வரையான நிலத்தைக் கரையோர வலயமாக வரையறுத்து, அங்கே நடக்கும் அபிவிருத்தியை அனுமதிக்குக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் மீனைப் புரட்டும் பெண்ணுக்கு அந்த மணலில் என்ன உரிமை என்பது ஊர்வழக்கில்தான் நிற்கிறது.

மறுத்துச் சொல்பவர்களின் வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. மணலில் காயும் கருவாடு சுத்தமில்லை என்பார்கள். உண்மைதான், தரையிலிருந்து உயர்த்திய தட்டியில் காயப்போட்டால் மண்ணும் ஈயும் குறையும், விலையும் ஏறும். ஆனால் தட்டிக்கும் அதே இடமும் அதே காற்றும் வேண்டும். சுத்தத்தைக் காட்டிக் கரையைவிட்டு எழுப்புவது தீர்வல்ல. கரைவலை குஞ்சு மீனையும் வாரிவிடுகிறது என்பது இன்னும் கனமான குற்றச்சாட்டு. வலை மடியின் கண்ணளவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே; அதற்காகப் பாட்டையே விடுதிக்குக் கொடுத்தால் குஞ்சு மீன் தப்பினாலும் குடும்பம் தப்பாது. சுற்றுலா வேலை கொடுக்காதா என்ற கேள்விக்கு 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும் அடுத்த ஆண்டின் பெருந்தொற்றும் விடை சொல்லிவிட்டன: விருந்தினர் வராத மாதங்களில் விடுதி வேலை நின்றது. கருவாட்டுத் தொழிலும் அடி வாங்கவே செய்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது பல படகுகள் கரையேறின. ஒன்று சாயும்போது மற்றொன்றில் கைபிடிக்க இரண்டும் வேண்டும் என்பதே என் பக்கம். பத்துப் பதினைந்து பேர் சைக்கிளில் வந்து போவதால் என்ன பெரிய வருமானம் என்ற கேள்வியும் உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் இடைவியாபாரி முன்பணம் கொடுத்துக் குறித்த விலைக்கு அள்ளிப்போகும் சரக்கில், வாடியிலேயே நேராக விற்கும் ஐந்து கிலோவின் மிச்சம் முழுவதும் வேலை செய்தவர் கைக்கு வரும். உழைப்பவரை வேடிக்கைப் பொருளாக்கிவிடும் என்ற அச்சத்துக்கு மட்டும் என்னிடம் முழு மறுமொழி இல்லை. கேட்டுப் படம் எடுப்பது, கேட்காமல் வாடிக்குள் நுழையாதிருப்பது, அவ்வளவாவது முடியும்.

ஆகவே சைக்கிள் குழுவின் நாள், விடுதியின் மதிய உணவு நேரத்தைச் சுற்றி அமையாமல் கரையின் நேரத்தைச் சுற்றி அமைய வேண்டும். காலையில் வலை இழுக்கும்போது கயிற்றுக்குக் குறுக்கே போகாமல் தள்ளி நிற்கலாம். மதியச் சாப்பாட்டை ஊரில் சமைக்கும் வீடொன்றில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும் கட்டாக் கருவாட்டுப் பொரியலும், அல்லது கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் கறியும் சோறும். தலவிலவில் ஒரு வீடு, அடுத்த முறை ஆலங்குடாவிலோ கண்டக்குளியிலோ இன்னொரு வீடு. பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் பாய்களைச் சுருட்டத் தொடங்குவார்கள். கருவாடு வாங்க அதுவே நேரம், அன்று காய்ந்ததைத் தொட்டுப் பார்த்து, கீறிய கையிடமே விலை கேட்டு வாங்கலாம். சைக்கிளைப் பாய்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு வராமல், தென்னையடியில் சாய்த்துவிட்டு நடந்து வர வேண்டும்.