சங்கரன்கோவிலில் இருந்து 150 ரூபாய் டிக்கெட்டில் ஒரு தீவு!

ரீல்ஸைத் தள்ளத் தள்ள பார்படோஸ், பஹாமாஸ், ஜமைக்கா என்று நீலக் கடலாக வந்துகொண்டே இருக்கிறது. வெள்ளை மணல், தென்னை மரம், கண்ணாடி மாதிரி தண்ணீர். 'பட்ஜெட்டில் கரீபியன்' என்று வீடியோ போடுபவர்களில் பலரும் அமெரிக்காவில் இருந்து கிளம்புகிறவர்கள். இங்கிருந்து போவதென்றால் விசா, இரண்டு மூன்று விமானம் என்று ஒரு ஆளுக்கே லட்சத்தைத் தாண்டிவிடும். தறி ஓடினால்தான் கூலி என்று இருக்கும் சங்கரன்கோவில் குடும்பத்துக்கு அது போனோடு நின்றுவிடுகிற கடல்.

ஆனால், அதே ஊர் ஸ்டேஷனில் காலையில் ரயில் ஏறினால் மாலைக்குள் ஒரு தீவில் இறங்கிவிடலாம். அதுதான் பாம்பன் தீவு. சாமி கும்பிடவும் திதி கொடுக்கவும் போகிற ராமேஸ்வரமாகவே பார்த்துப் பழகியதால், அது ஒரு தீவு என்பதே பலருக்கு மறந்துபோகிறது.

எப்படிப் போவது?

செங்கோட்டையில் இருந்து வரும் ரயிலில் மதுரை, அங்கிருந்து ராமேஸ்வரம் ரயில். இரண்டிலும் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினால், ஒருவருக்கு ஒரு வழிச் செலவு 150 ரூபாயைத் தாண்டாது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். 12 வயதுக்குள் என்றால் அரை டிக்கெட். நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

மண்டபம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல். 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயில் போகிறது. 2 கிலோமீட்டருக்குச் சற்று கூடுதல் நீளம். கப்பல் வந்தால் நடுவில் உள்ள 72.5 மீட்டர் பகுதி லிஃப்ட் போல அப்படியே மேலே எழும்பும்.

ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல்

ராமேஸ்வரம் பேருந்து நிலையத்தில் இருந்து தனுஷ்கோடிக்கு டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2017-க்கு முன்பு மணலில் ஓடும் வேனை நம்பித்தான் போக வேண்டியிருந்தது. இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. அலையடிக்கும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும், குளம்போல் கிடக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாலை, வெள்ளை மணல், அவ்வளவுதான்.

அந்த நீலத்தைப் பார்த்ததும் இறங்கிக் குளிக்கத் தோன்றும். கூடாது. நீரோட்டம் ஆளை இழுக்கும்; காலுக்குக் கீழே மணல் நகரும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயல், இதே இடத்தில் ஒரு பாசஞ்சர் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு இழுத்துக்கொண்டு போனது. இடிந்த சர்ச் சுவர் இன்னும் நிற்கிறது. குழந்தைகளைத் தண்ணீரில் விட ஆசையென்றால், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் அலை இருக்காது. அங்கும் ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும்.

பர்ஸ் எங்கே கரையும்?

ரயிலில் மிச்சம் பிடித்த பணம் போவது ஆட்டோ, வேன் பேக்கேஜில். நாலைந்து பேர் என்றால் டவுன் பஸ்ஸே போதும். ஊரிலேயே கட்டிக்கொண்ட புளியோதரை முதல் நாளைத் தாங்கும். மறுநாள் மதியச் சாப்பாட்டைத் தனுஷ்கோடி மீனவர்களின் குடிசைக் கடையில் மீனோடு முடிக்கலாம். ஆர்டர் சொல்லும் முன் விலை கேட்டுக்கொண்டால் மனஸ்தாபம் இல்லை. தங்குவதற்குக் கோயில் தேவஸ்தான விடுதி, மடங்கள் இருக்கின்றன. அமாவாசை, தொடர் விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் வாடகையும் குறையும்.

ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலும் காற்றும் தாங்கும். ஆடிக் காற்றில் மணல் கண்ணைத் திறக்கவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

ஞாபகத்துக்கு ஒரு பவளம்?

கரீபியன் கரைகளின் வெள்ளை மணலில் பவளத் துகளும் கலந்திருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் அப்படித்தான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருந்தவை 21 பவளத் தீவுகள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போனது. இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி அருகே இருக்கும் வான் தீவைக் காப்பாற்றக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டிவந்தது.

அதனால் மீதித் தீவுகளில் நினைத்தபடி கால்வைக்க முடியாது. கிட்டே போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன் வலசையில் வனத்துறை படகுச் சவாரி நடத்துகிறது. கரையில் யாராவது பவளத் துண்டை நீட்டினால் வாங்கக்கூடாது. வன உயிரினச் சட்டப்படி அது குற்றம். பாசிமணி மாலை வாங்கலாம். தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்துவரலாம்.

விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள் 'கடலுக்குப் போகலாமா?' என்று கேட்டால், சங்கரன்கோவிலில் இனி பதில் சொல்வது சுலபம். அவர்களுடைய பிள்ளைகளும் ஒருநாள் அதே கேள்வியைக் கேட்பார்கள். அப்போதும் அந்த மணல் அங்கே இருக்க வேண்டும்.